மலையில் இன்ஜின் இறக்கியவர்கள்: மறக்க முடியாத அந்த ஒரு நொடி

கோத்தகிரியிலிருந்து:

மகிந்திரா ஜீப்பின் பெஜோ டீசல் இன்ஜினை நாங்களே இறக்கினோம். பட்டறைப் பேச்சில் இறக்குவது என்கிறோமே தவிர, அதை முதலில் மேலே ஏற்றியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளையில் 1 டன் செயின் பிளாக்கை, அதாவது கைச்சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பியை மாட்டி, இன்ஜினை வண்டியோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றி, சங்கிலியை இழுக்கத் தொடங்கினேன். இன்ஜின் 4 விரற்கடை எழும்பியது, அதற்குமேல் வரவில்லை. ஜீப்பின் முன்பக்கமே இன்ஜினோடு சேர்ந்து உயர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மேலும் நான்கு முறை இழுத்தேன் என்பதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அக்காள் கணவர் அதுவரை இன்ஜினுக்கும் அதன் அடியில் குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பருக்கும் நடுவே கையை விட்டு, எது தடுக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிரில் விரல் மரத்துப்போய்விட்டது என்று கையை வெளியே எடுத்து வாயருகே வைத்து ஊதினார். அப்போதுதான் கிளை முறிந்தது. மூங்கிலைப் போல முனகிவிட்டு வளையும் மரமன்று அது. சுள்ளி ஒடிவதுபோல் ஒடிந்துவிட்டது.

குன்னூரிலிருந்து:

எங்களுடையது மரமன்று, வாடகைக்கு எடுத்த 2 டன் இன்ஜின் கிரேன். மழைநீர் ஓடுவதற்காக வாசல் தளத்தை வாட்டமாகப் போட்டிருந்தார்கள். காரை நிறுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு, அம்பாசிடர் இன்ஜின் மார்பளவு உயரத்தில் தொங்கியபோதுதான் தெரிந்தது. கிரேன் தானாக நடந்தது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். இருவர் பிடித்தும் நிற்கவில்லை, சாக்கடை மூடியில் முன்சக்கரம் இடித்தபோது இன்ஜின் மட்டும் நிற்காமல் முன்னே வீசி ஆடியது. ஹைட்ராலிக் வால்வைத் திருகி உடனே தரைக்குத் தாழ்த்தியிருக்க வேண்டும்; பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சமவெளியில் கிரேனை அசைக்காமல் காரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். எங்கள் ஊரில் காரைத் தள்ளினால் அது அடுத்த வீட்டுக் கூரையில்தான் போய் நிற்கும்.

உதகையிலிருந்து:

கோத்தகிரி நண்பர் மரத்தின்மேல் பழி போடுவது நியாயமாகப் படவில்லை. சில்வர் ஓக் கிளையில் கப்பி மாட்டக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கிளை அன்று தூக்கியது இன்ஜினை மட்டுமன்று, முன்பாதி ஜீப்பையும்தான். கியர்பாக்ஸிலிருந்து இன்ஜின் பக்கம் நீளும் தண்டான இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டிலிருந்து முழுவதும் விடுபடும்வரை இன்ஜினை மேலே அன்று, முன்னால்தான் நகர்த்த வேண்டும். அப்போது கியர்பாக்ஸ் அந்தரத்தில் தொங்காதபடி அதன் அடியில் ஜாக்கி கொடுத்திருக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவந்து சூடாகிப்போன ஒரு வண்டியின் இன்ஜினைத் தூக்கியபோது, சங்கிலியை மாட்டச் சிலிண்டர் ஹெட்டில் நான் முடுக்கிய போல்ட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்று சுற்று மட்டுமே ஏறியிருந்த போல்ட் அது. இன்ஜின் ஒரு சங்கிலியில் சாய்ந்து தொங்கியபடி மெதுவாகச் சுழன்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே சொல்கிறேன். போல்ட் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே ஏற வேண்டும், தலையில் 8.8 என்று வலிமைக் குறி பொறித்த போல்ட்டாக இருக்கட்டும். கொக்கியிலிருந்து இருபுறமும் பிரிந்து இறங்கும் சங்கிலியின் இரு கால்களையும் அகல விரித்துக் கட்டாதீர்கள். 200 கிலோ இன்ஜினை 60 டிகிரி விரிவில் தூக்கினால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 115 கிலோவைச் சுமக்கிறது. 120 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொரு காலும் முழு 200 கிலோவையும் சுமக்கிறது. குன்னூர் நண்பருக்கும் ஒன்று: கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தாங்குதிறன் குறையும், 2 டன் என்பது கையை உள்ளே இழுத்து வைத்திருக்கும்போது மட்டுமே, கடைசித் துளையில் அது அரை டன்னாகச் சுருங்கிவிடும் வகைகள் உண்டு. நைலான் பட்டை பயன்படுத்துபவர்கள், பனிமூட்டத்தில் நனைந்த பட்டைக்கு வலிமை குறைவு என்பதையும், சிலிண்டர் பிளாக்கின் கூரான விளிம்பில் அது உரசினால் அறுந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

அறிவுரை நீண்டுவிட்டது, நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்து துருவேறிய செயின் பிளாக்கை, நல்லெண்ணத்தில் என் தம்பி உள்ளும் புறமும் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தான். சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும்தான். ஆனால் உள்ளே பாரத்தைப் பிடித்து நிறுத்துபவை உராய்வுத் தட்டுகள். உலர்ந்திருந்தால்தான் அவை பிடிக்கும். வேன் இன்ஜினைத் தூக்கி நிறுத்திவிட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது கைச்சங்கிலி தானாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. தூக்கும்போது கேட்ட டிக் டிக் ஓசைகூட இல்லை. இன்ஜின் அங்குலம் அங்குலமாக இறங்கி, அடியில் போட்டிருந்த பழைய லாரி டயரில் போய் உட்கார்ந்தது. டயரைப் போட்டது பாதுகாப்புக்காகவன்று, தரையில் எண்ணெய்க் கறை படியக்கூடாது என்பதற்காக.

மீண்டும் கோத்தகிரியிலிருந்து:

உதகை நண்பருக்கு: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம் என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுநாள் கிளையை அகற்றிவிட்டுப் பார்த்தபோது ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்துப் போல்ட் ஒன்று இடத்திலேயே இருந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. அக்காள் கணவர் கையால் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. யார் வண்டியில் பானட்டைத் திறந்தாலும் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளியே நிற்கிறார்.