பாஸ்வேர்ட் போட்டால் திரும்ப லொகினுக்கே வருகிறது, எழுத்தெல்லாம் குண்டாகத் தெரிகிறது – என்ன செய்யலாம்?

தலவாக்கலை டீச்சர் (செவ்வாய், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். ஃபோனில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டொப். மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் வகை 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை. லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ. மூன்று வருடமாக முணுமுணுக்காமல் உழைத்த பெட்டி.

போன வாரம் ஒரு காலையில் போட்டேன், எழுத்தெல்லாம் யாரோ மேலிருந்து அமுக்கின மாதிரி குண்டாக இருந்தது. மொனிட்டர் 1920க்கு 1080. செட்டிங்கில் பார்த்தால் 1024க்கு 768க்கு மேல் ஒன்றுமே காட்டவில்லை. சரி, வாசிக்க முடிகிறதே என்று அப்படியே வேலை செய்தேன்.

நேற்றிலிருந்து வேறு வினை. பாஸ்வேர்ட் போட்டால் ஸ்க்ரீன் ஒரு கணம் கறுத்து, மறுபடி லொகினுக்கே வந்து நிற்கிறது. வேண்டுமென்றே பிழையாகப் போட்டுப் பார்த்தேன், அப்போது பிழை என்று சொல்கிறது. ஆக பாஸ்வேர்ட் சரிதான். இடையிடையே அரை நிமிடம் எல்லாம் உறைந்து போகும், பெட்டிக்குள் 'டக்… டக்… டக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம்.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். மதர்போர்ட் போய்விட்டது, ஃபோர்மட் செய்து விண்டோஸ் போடுவோம் என்றார்கள். என் தம்பி கிராஃபிக்ஸ் டிரைவர் என்கிறான்.

உள்ளே 6 வருடமாக நான் அடித்த 5ஆம் ஆண்டு புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் இருக்கின்றன. பாதி பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. பென் டிரைவில் கடைசியாகக் கொப்பி எடுத்தது போன வருடம் முதலாம் தவணையில். திட்டாதீர்கள், எனக்கே தெரியும். சனிக்கிழமை வகுப்பு. கோப்புகளை விட்டுவிட்டு மின்ட்டை மட்டும் மேலே திரும்பப் போட முடியுமா?


கண்டித் தம்பி

டீச்சர், அப்டேட்டில் புதுக் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருக்கும். பூட் ஆகும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்து, அட்வான்ஸ்ட் பகுதியில் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைக்கும் நோமோட்செட் என்ற சொல்லைப் பூட் வரியில் போட்டுப் பாருங்கள். கடைசி வழி ரீஇன்ஸ்டோல்.


பண்டாரவளை பழைய பெட்டி

டீச்சர், இதை வாசித்த கையோடு பெட்டியை ஓஃப் செய்யுங்கள். பழைய கேர்னலும் வேண்டாம், ரீஇன்ஸ்டோலும் வேண்டாம். தம்பி சொன்னது டிஸ்ப்ளேக்கு. எனக்கு அந்த 'டக் டக்' தான் பயம்.

லொகின் சுற்றுவதற்கு ஸ்க்ரீன் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. மின்ட் பாவிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தன் கணக்குப் புத்தகத்தில் கோளாறு கண்டால் முழுப் பகுதியையும் 'வாசிக்க மட்டும்' என்று பூட்டிவிடும், மேற்கொண்டு நாசமாகாமல் இருக்க. நீங்கள் லொகின் செய்யும்போது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எக்ஸ்அதோரிட்டி என்று ஒரு சின்னக் கோப்பை எழுத வேண்டும். எழுத முடியாது. உடனே செஷன் செத்து, திரும்ப வாசலுக்கே வந்து நிற்கும். டிஸ்க் நிறைந்திருந்தாலும் இதே கூத்துத்தான், ஆனால் நிறைந்த டிஸ்க் சத்தம் போடாது.

வேறு ஒரு கணினியில் மின்ட் பென் டிரைவ் ஒன்று செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் ஐகன் மேல் கிளிக் செய்ய வேண்டாம், திறக்கவே வேண்டாம். மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் அந்த டிஸ்க்கைத் தெரிவு செய்து, மூன்று புள்ளிக்குள் இருக்கும் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைப்பதைப் பார்த்து 5, 9, 192, 197, 198, 199 ஆகிய இலக்கங்களுக்கு நேரே இருப்பதை எழுதுங்கள். அங்கே செல்ஃப் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தாதீர்கள், டிஸ்க்கைச் சும்மா தேய்க்கும்.


தலவாக்கலை டீச்சர் (புதன், மாலை)

அண்ணே, பக்கத்துத் தோட்டத்து கிளாக்கரின் மகன் பென் டிரைவ் செய்து கொடுத்தான். மின்ட் திறந்தது, லொகின் கேட்கவே இல்லை. எண்கள் இவை:

5: 312
9: 41,207 மணி
192: 640
197: 88
198: 88
199: 0

மேலே 'டிஸ்க் ஓகே, 400 பேட் செக்டர்ஸ்' என்று போட்டிருக்கிறது. ஓகேயும் போட்டு 400ம் போட்டால் நான் எதை நம்புவது?


பண்டாரவளை பழைய பெட்டி

400ஐ நம்புங்கள். டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் செக்டர்கள். 5 என்பது ஏற்கெனவே கைவிட்டு வேறிடத்துக்கு மாற்றிய செக்டர்கள். 197 இப்போது வாசிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை. இரண்டையும் கூட்டினால் 400. 'ஓகே' என்பது டிஸ்க் செய்தவர்கள் வைத்த எல்லையைத் தாண்டவில்லை என்பது மட்டுந்தான். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பரிசோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததை விட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்களில் ஒன்றிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் செத்தவை. ஆக எண் இருந்தால் பயப்படலாம், இல்லையென்றால் நிம்மதி கிடையாது.

199 பூச்சியம் என்பது நல்ல செய்தி, டிஸ்க்கின் டேட்டா கேபிளில் தவறு இல்லை. 192 திடீரென்று கரண்ட் போய் டிஸ்க்கின் ஊசி அவசரமாக ஓடி ஒதுங்கின தடவைகள். 640! நம் ஊர் மின்வெட்டின் பதிவேடு அது. 41,207 மணி என்றால் இரவு பகலாக 4 வருடம் 8 மாதம். பாவிக்காத டிஸ்க் என்று சொல்லி விற்றார்களா?


தலவாக்கலை டீச்சர்

'வீட்டில் சும்மா வைத்திருந்தது' என்றார்கள். மேல் கொத்மலை அணை கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது, 150 மெகாவாட் என்று பிள்ளைகளுக்கு நானே பாடம் சொல்கிறேன். எங்கள் வீதியில் அந்தியானால் கேத்தல் போட்ட வீட்டைப் பல்பைப் பார்த்தே சொல்லலாம்.


கண்டித் தம்பி

அப்போ பென் டிரைவில் இருந்தே, கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டி, எல்லாவற்றுக்கும் யெஸ் கொடுத்தால் லொகின் சரியாகிவிடுமே? நான் ஒருமுறை அப்படித்தான் சரிசெய்தேன்.


பண்டாரவளை பழைய பெட்டி

தம்பி, உன் டிஸ்க் நல்ல டிஸ்க்காக இருந்திருக்கும். எஃப்எஸ்சிகே வாசிப்பது மட்டுமில்லை, எழுதவும் செய்யும். வாசிக்க முடியாத இடத்தில் இருந்த ஃபோல்டரை 'இல்லை' என்று முடிவு கட்டி அழித்துவிடும். சாகக் கிடப்பவரிடம் வீட்டுக் கணக்கு சரிபார்க்க உட்காரக் கூடாது. முதலில் முழுசாகக் கொப்பி, பிறகு கொப்பியின் மேல் எஃப்எஸ்சிகே. கொப்பி கெட்டால் திரும்ப எடுக்கலாம்.

டீச்சர், புது டிஸ்க் ஒன்று வேண்டும். கடையில் 480 ஜிபி எஸ்எஸ்டி தருவார்கள், வாங்காதீர்கள். உங்கள் 500க்கு அது சிறியது, கொப்பி கடைசியில் இடம் இல்லாமல் நிற்கும். 512 அல்லது அதற்கு மேல்.

கெட்ட டிஸ்க்கை அப்படியே கொப்பி எடுக்கும் கருவியின் பெயர் டிடிரெஸ்க்யூ. பொதியாக இறக்கும்போது முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று தேட வேண்டும், கட்டளையில் அந்த ஜி கிடையாது. ஃபோனை யூஎஸ்பியில் கொடுத்து இன்டர்நெட் எடுக்கலாம்.

கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், இரண்டாவது புது டிஸ்க், மூன்றாவது மேப் கோப்பு. இந்த வரிசை மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் வினாத்தாள்களின் மேல் கொப்பி ஆகிவிடும். என்டர் தட்டும் முன் எது 500, எது 512 என்று டிஸ்க்ஸில் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும், மின்ட் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறலாம், அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். டிஸ்க்கின் மேலேயே எழுதுவதால் 'ஃபோர்ஸ்' என்பதற்கான சின்ன எஃப் தேவை. முதல் ஓட்டத்துக்குச் சின்ன 'என்' எழுத்தைப் போடுங்கள், கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் நல்லதை முதலில் அள்ளும்.

மேப் கோப்பை டெஸ்க்டொப்பில் வைக்காதீர்கள். பென் டிரைவ் மின்ட் ராமில் ஓடுகிறது, கரண்ட் போனால் அதுவும் போகும். வேறொரு பென் டிரைவில் வையுங்கள். எது வரை கொப்பி ஆனது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது இருந்தால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்ததும் விட்ட இடத்தில் தொடங்கும்.


கம்பளை ரிப்பேர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டிஸ்க் விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி. எனக்கு வேறு ஒரு கேள்வி. டீச்சர், பென் டிரைவில் பூட் செய்தபோது எழுத்து எப்படி இருந்தது?


தலவாக்கலை டீச்சர்

அப்போதும் குண்டுதான்.


கம்பளை ரிப்பேர்

அப்படியென்றால் அதற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தம் இல்லை, கேர்னல் அப்டேட்டுக்கும் இல்லை. பென் டிரைவில் இருப்பது வேறு மின்ட், அதிலும் அதே 1024 என்றால் தவறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே. இரண்டு வியாதி ஒரே வாரத்தில் வந்ததால் எல்லாரும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

மொனிட்டரை எதனால் கொடுத்திருக்கிறீர்கள்? நீல முனை உள்ள விஜிஏ கேபிளா? அதில் 15 ஊசி, மூன்று வரிசை. 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலம். 13ம் 14ம் படத்தை ஒழுங்காக நிறுத்துபவை. இவை இருந்தால் படம் வரும், நிறமும் சரியாக இருக்கும். 12ம் 15ம் வேறு வேலைக்கு. மொனிட்டர் 'நான் இன்னார், என் அளவு இவ்வளவு' என்று கணினிக்குச் சொல்வது அந்த இரண்டின் வழியாக. ஈடிஐடி என்பார்கள். ஒன்று தொடாவிட்டாலும் கணினிக்கு மொனிட்டர் யாரென்றே தெரியாது, பாதுகாப்பாக 1024க்கு 768ஐக் கொடுத்துவிட்டு இருந்துவிடும்.

கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 9ஆம் ஊசி பல கேபிளில் செய்யும்போதே இருக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.


தலவாக்கலை டீச்சர் (வியாழன், இரவு 11.25)

பெரிய கதை. ஹட்டனுக்குப் பஸ் எடுத்துப் போய் 512 எஸ்எஸ்டி வாங்கினேன். கடைக்காரர் 480ஐத்தான் முதலில் எடுத்து நீட்டினார் அண்ணே, சிரிப்பு வந்துவிட்டது. 8 மணிக்குத் தொடங்கினேன். வினாடிக்கு 70 எம்பி ஓடியது. 38 சதவீதத்தில் திடீரென்று கேபி கணக்குக்கு விழுந்தது, பல்லிச் சத்தம். நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற வரை எண் அசையவில்லை. பிறகு தாண்டிப் போனது. 11.10க்கு 71 சதவீதம். 11.12க்கு கரண்ட் போய்விட்டது.

இருட்டில் இருந்து எழுதுகிறேன். மேப் பென் டிரைவில்.


பண்டாரவளை பழைய பெட்டி

படுத்துத் தூங்குங்கள் டீச்சர். டிஸ்க்குக்கும் ஓய்வு நல்லது. காலையில் எஸ்டிஏ எது என்று பார்த்த பிறகே கட்டளை.


தலவாக்கலை டீச்சர் (வெள்ளி, காலை 10.15)

நல்ல வேளை சொன்னீர்கள். இன்று இரண்டும் இடம் மாறியிருந்தன. நேற்றுப் போட்டதை அப்படியே திரும்ப அடித்திருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

மாற்றிக் கொடுத்தேன், 71இல் இருந்து பிடித்துக்கொண்டது. முதல் ஓட்டம் முடிந்தது. பிறகு அந்தச் சின்ன 'என்' எழுத்தை எடுத்துவிட்டு, மூன்று தடவை திரும்ப முயற்சி செய் என்று கொடுத்தேன். இப்போது 99.99 சதவீதம், வராதது 1.6 எம்பி.


பண்டாரவளை பழைய பெட்டி

500 ஜிபியில் 1.6 எம்பி! இனிப்புப் பலகாரம் செய்யுங்கள். ஓஃப் செய்து பழைய டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். இரண்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டையும் சேர்த்து வைத்து பூட் செய்தால் மின்ட் எதன் கையைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு பென் டிரைவில் இருந்து புதியதன் மேல் எஃப்எஸ்சிகே. தம்பி, இப்போது உன் யெஸ் எல்லாவற்றையும் கொடுக்கலாம்.


கண்டித் தம்பி

சரி அண்ணே, கற்றுக்கொண்டேன். அந்தப் பழைய டிஸ்க்கை ஃபோர்மட் செய்து படம் வைக்கப் பாவிக்கலாமா?


பண்டாரவளை பழைய பெட்டி

ஒரு மாதம் டீச்சரின் அலுமாரியில் இருக்கட்டும், ஏதாவது விடுபட்டிருந்தால் தேட. அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் காந்தம் இரண்டும் நன்றாக இருக்கும், ஃபிரிட்ஜில் ஒட்டலாம்.


தலவாக்கலை டீச்சர் (சனி, மாலை)

லொகின் ஒரே தடவையில் போனது. எஸ்எஸ்டி வேகத்தில் பெட்டி எனக்கு முன்னால் ஓடுகிறது.

கம்பளை அண்ணே, கேபிள் கதை உங்களுக்கு. மொனிட்டர் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கிறது. மழைக் காலத்தில் அந்தச் சுவர் வேர்க்கும், தேயிலைப் பெட்டிப் பலகை வைத்து மறைத்திருந்தேன். முனையைக் கழற்றி ஃபோன் லைட்டில் பார்த்தால் ஊசிகளின் அடியில் பச்சையாகக் களிம்பு, பழைய செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதே நிறம். மூன்றாம் வரிசையில் ஒன்று சாய்ந்து தரையோடு படுத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், 12. போன வாரம் வீடு கூட்டும்போது மேசையை இழுத்தது நான்தான். ஊக்கால் நிமிர்த்தப் போய் முறிந்தே போனது. கிளாக்கர் வீட்டில் சும்மா கிடந்த கேபிளைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், 1920க்கு 1080 தானாக வந்தது. எழுத்தெல்லாம் மெலிந்துவிட்டது.

திறக்காத கோப்புகள் இதுவரை மூன்று. இரண்டு இறக்கிக்கொண்ட பிடிஎஃப், போகட்டும். மூன்றாவது நான் அடித்த வினாத்தாள். வகுப்பில் சொன்னேன். ஒரு பிள்ளையின் அம்மா சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்து ஃபைலில் இருந்து எடுத்துத் தந்தார், மகள் பென்சிலால் விடை எழுதின அதே தாள். 17ஆவது கேள்வியில் நான் போட்ட விடையே பிழை என்று பிள்ளை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். திருத்தி அடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை யூனிகோடில்.