புது கார் கொட்டேஷனில் எதைக் குறைக்கச் சொல்லலாம்?

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டுக்கு முதல் கார் எடுக்கப் போகிறோம். எக்ஸ்-ஷோரூம் விலை 7.90 லட்சம். சாலை வரி அரசுக்குப் போவது, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் இன்சூரன்ஸ் 42,000 போட்டிருக்கிறார்கள். அதே கவரேஜ் வெளியே 31,000தான். வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்றதும், "அப்போ தள்ளுபடி கிடையாது சார்" என்கிறார் விற்பனையாளர். இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது என்பது நம் விருப்பம்தானே?

அப்புறம் ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, சீட் கவர், மிதியடி எல்லாம் சேர்த்து 18,000. மிதியடி விலையைப் பார்த்து மனைவி அங்கேயே சிரித்துவிட்டார்.

இன்னும் முன்பணம் கட்டவில்லை. மாதக் கடைசியில் போனால் இறங்கி வருவார்களா? சமீபத்தில் கார் எடுத்தவர்கள் எதை நீக்கச் சொன்னீர்கள், எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்களேன். சனிக்கிழமை மறுபடியும் பேசப் போகிறேன்.