டிஸ்னி வேர்ல்டு சாப்பாட்டுத் திட்டம்: எதை எடுப்பது? கொஞ்சம் அவசரம்

அவசரக்குடுக்கை:
வணக்கம். நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போகிறோம். கொரோனாவில் நிறுத்திய டைனிங் பிளான் (சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம்) இந்த 2024 ஜனவரியிலிருந்து திரும்ப வந்துவிட்டதாம். குவிக் சர்வீஸ் பிளான் எடுப்பதா, அதற்கு மேலே உள்ளதா? எது லாபம்? ஏஜென்ட் நாளைக்குள் சொல்லச் சொல்கிறார். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாரும் வருகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
எத்தனை பேர்? குழந்தைகளுக்கு என்ன வயது? எத்தனை இரவு? டிஸ்னியின் ஹோட்டலிலேயே தங்குகிறீர்களா, வெளியிலா? வெளியில் தங்கினால் இந்தக் கேள்வியே தேவையில்லை, அவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. ஹோட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் எடுப்பவர்களுக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
எத்தனை பேராக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். எடுக்காதீர்கள், கையிலிருந்து கொடுத்துச் சாப்பிடுங்கள்.

2024 விலைப்படி குவிக் சர்வீஸில் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 57.01 டாலர். அதற்கு இரண்டு கவுன்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக், தங்கும் நாட்கள் முழுக்க ஹோட்டலில் நிரப்பிக்கொள்ள ஒரு மக். கவுன்டரில் ஒரு தட்டு சுமார் 15 டாலர், குளிர்பானம் 5. இரண்டு வேளைக்கு 40 ஆயிற்றா? ஸ்நாக் 7 போடுங்கள். 6.5 சதவிகித வரியைச் சேர்த்தால் 50. மக் விலையை இரவுக்கு இவ்வளவு என்று பிரித்தால் இன்னும் 4 டாலர் சொச்சம். 55க்குள் முடிகிற சாப்பாட்டுக்கு முன்பணமாக 57 கட்டுவானேன்?

21 வயது தாண்டியவர்கள் குளிர்பானத்துக்குப் பதிலாக ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு பியரோ வைனோ வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆட்களுக்குத்தான் இந்தக் கணக்கு லாபத்தில் வரும். மற்றவர்கள் அவர்களுக்காகக் கட்டுகிறோம்.

நெய்_ரோஸ்ட்:
கணக்குப்பிள்ளை சார் எல்லாவற்றையும் ரசீதாகவே பார்ப்பார் :) பிள்ளைகளோடு போகிறவர்களைக் கேளுங்கள். ஐஸ்கிரீம் கேட்டால் விலைப்பலகையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், கையில் கட்டியிருக்கும் டிஸ்னி பட்டையைத் தட்டினால் போதும். பணத்தை ஏற்கனவே கட்டியாயிற்று, இனிமேல் என்ன என்று ஒரு நிம்மதி. விடுமுறையில் அதுவும் ஒரு கணக்குதான்.

பெரிய திட்டத்தையும் தள்ளிவிடாதீர்கள். இரவுக்கு ஒரு டேபிள் சர்வீஸ் (மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது), ஒரு கவுன்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக், அதே மக். 3 முதல் 9 வயது வரை 2024 விலை 29.69 டாலர்தான். மிக்கி, மின்னி மேசைக்கே வந்து கைகொடுக்கும் பஃபேயில் பிள்ளைக்கு மட்டும் 40 டாலர் ஆகிறது. ஒரே வேளையில் போட்ட காசு வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளைக்கு வரும் அக்கா. கூடவே பெரியவருக்கு 94.28 கட்ட வேண்டுமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிள்ளைக்கு மட்டும் எடுக்கிறேன் என்றால் விடமாட்டார்கள். ஒரு பேக்கேஜில் 3 வயதும் அதற்கு மேலும் இருக்கிற அத்தனை பேரும் ஒரே திட்டம், எல்லா இரவுக்கும்.

பழைய_பயணி:
இதே கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. தேடுவதற்கு ஒரு பெட்டி மேலே வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு அல்ல. பயணம் போகிறவர் குறைந்தபட்சம் தான் எத்தனை பேர் என்பதையாவது எழுதலாம். "எது லாபம்" என்று மொட்டையாகக் கேட்டால் லாபம் டிஸ்னிக்குத்தான் என்று மொட்டையாகத்தான் சொல்ல முடியும்.

போகட்டும். எல்லாரும் தவறவிடுகிற ஒன்று: கணக்கு இரவுக்கு, நாளுக்கு இல்லை. 5 இரவு என்றால் நீங்கள் பூங்காவில் சுற்றுவது 6 நாள், கிரெடிட், அதாவது ஒரு சாப்பாடோ ஸ்நாக்கோ வாங்கும் உரிமை, கிடைப்பது 5 நாளைக்கு. மீந்தது ஹோட்டலைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போய்விடும். அன்றைக்கு ஹோட்டல் கடையில் பாருங்கள், ஸ்நாக் கிரெடிட்டைத் தீர்க்கப் பொட்டலம் பொட்டலமாக மிட்டாயை அள்ளிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

மக்_மன்னன்:
மக் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. அது ஹோட்டலில் மட்டும்தான் வேலை செய்யும். பூங்காவுக்குள் தூக்கிக்கொண்டு போனால் வெறும் சுமை. அடியில் ஒரு சிப் இருக்கிறது, ஹோட்டல் இயந்திரத்தில் வைத்தால்தான் ஊற்றும். காலையில் காபி, ராத்திரி திரும்பி வந்து ஒரு கோக், அவ்வளவுதான் பயன். பூங்காவில் தாகத்துக்குத் தண்ணீர் போதும் என்றால், குளிர்பானம் விற்கும் எந்தக் கவுன்டரிலும் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். கேட்க வேண்டும், அவ்வளவே.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கவும், வேலைக்கு நடுவில் எழுதினேன். 6 பேர். நான், கணவர், மகன் 11, மகள் 6, மாமனார், மாமியார். நவம்பர் 24 ஞாயிறு வந்து 29 கிளம்புகிறோம். டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டல். மாமனாரும் மாமியாரும் சுத்த சைவம், முட்டைகூடக் கூடாது. அளவாகத்தான் சாப்பிடுவார்கள், ஒரு தட்டு வாங்கினால் இருவருக்கும் போதும். இதெல்லாம் முக்கியமா?

பழைய_பயணி:
"இதெல்லாம் முக்கியமா." அம்மா, இது மட்டும்தான் முக்கியம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் கணக்கு இன்னும் மோசம். 10 வயது ஆகிவிட்டால் டிஸ்னிக்குப் பெரியவர். உங்கள் மகன் 11, அவனுக்கு முழு விலை. ஆக 5 பெரியவர், ஒரு சிறுமி.

குவிக் சர்வீஸ்: இரவுக்கு 308.88, 5 இரவுக்கு 1,544.40 டாலர்.
பெரிய திட்டம்: இரவுக்கு 501.09, 5 இரவுக்கு 2,505.45 டாலர்.

இதில் ஒரு தட்டைப் பகிர்ந்து சாப்பிடும் இருவருக்குக் குவிக் சர்வீஸிலேயே 570 டாலர் போகிறது. அந்தப் பணத்தில் பாதிகூட அவர்கள் சாப்பிடமாட்டார்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
இதுதான் நான் முதலில் கேட்டது. பாப் செஞ்சுரியில் ஒரு அறைக்கு 4 பேர்தான். 6 பேர் என்றால் எப்படியும் இரண்டு அறை. ஏஜென்ட் இரண்டையும் ஒரே பேக்கேஜாகப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நால்வரும் ஒரு பேக்கேஜ், திட்டத்தோடு. மாமனார் மாமியார் தனிப் பதிவு, திட்டம் இல்லாமல். பக்கத்து அறையாகக் கொடுக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள் வைக்கலாம். டிஸ்னி ஆப்பில் குடும்பமாக இணைத்துக்கொண்டால் உணவகத்தில் 6 பேருக்கும் ஒன்றாகவே மேசை பிடிக்கலாம்.

குவிக் சர்வீஸ் உங்கள் நால்வருக்கு மட்டும் என்றால் 974.30தான். பெரியவர்கள் சாப்பிடுவதற்குக் கையிலிருந்து கொடுங்கள்.

நெய்_ரோஸ்ட்:
சைவம் பற்றி நான் சொல்கிறேன். மெனுவில் ஒரு இலைக் குறி இருக்கும். அது போட்ட உணவில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை. பால் உங்களுக்குப் பிரச்சினை இல்லைதான், ஆனால் முட்டை இல்லை என்பதற்கு அந்தக் குறிதான் உத்தரவாதம். சைவம் என்று பார்த்து வாங்கும் பன்னிலும் கேக்கிலும் முட்டை ஒளிந்திருக்கும். சந்தேகம் வந்தால் சமையல் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள், எரிச்சல்படாமல் வந்து சொல்வார்கள்.

அனிமல் கிங்டம் பூங்காவில் சாடுலி கேன்டீன் என்று கவுன்டர் ஒன்று, டோஃபு போட்ட கிண்ணம் கிடைக்கும். உட்கார்ந்து சாப்பிட அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் சனா என்ற உணவகம். இந்திய, ஆப்பிரிக்க மணத்தோடு சமைப்பார்கள், நான் ரொட்டி வகையறாவும் தொட்டுக்கொள்ள விதவிதமான சட்னிகளும் தனியாகவே வாங்கலாம். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

மக்_மன்னன்:
பாப் செஞ்சுரியிலிருந்து அந்த லாட்ஜுக்கு நேரடி பஸ் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். ஒரு பூங்காவுக்குப் போய் அங்கிருந்து வேறு பஸ் மாற வேண்டும். வயதானவர்களைப் பசியோடு நிறுத்தாதீர்கள். எப்காட் பூங்கா என்றால் ஹோட்டல் வாசலிலேயே ரோப் கார். உள்ளே கார்டன் கிரில் இருக்கிறது, உணவகமே மெல்லச் சுற்றும், மிக்கியும் வருவார்.

டாலர்_தாத்தா:
ஒன்றை எல்லாரும் மறைக்கிறீர்கள். டிப்ஸ் திட்டத்தில் இல்லை. 6 பேர் உட்கார்ந்தால் கேட்காமலே 18 சதவிகிதம் போட்டுவிடுவான். பஃபேயில் பெரியவருக்கு 66, சிறுமிக்கு 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பேருக்கு 372. டிப்ஸ் மட்டும் 67 டாலர். தட்டை எடுப்பது நான், போட்டுக்கொள்வது நான், தூக்கிக்கொண்டு வருவது நான். அவனுக்கு எதற்கு 67?

வெள்ளிக்கிழமை_விரதம்:
ஐயா, நீங்கள் எழுந்து போகும்போதெல்லாம் எச்சில் தட்டை எடுப்பது யார்? பானம் நிரப்புவது யார்? ஃப்ளோரிடாவில் 2024 செப்டம்பர் 29 வரை குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி அதில் 3.02 குறைத்து 8.98 மட்டும் கொடுக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. மீதி உங்கள் மேசையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

டாலர்_தாத்தா:
அது அவன் முதலாளியின் பிரச்சினை. 2024 செப்டம்பர் 30 முதல் கூலி 13 ஆகிறது. அப்போது டிப்ஸைக் குறைப்பார்களா?

வெள்ளிக்கிழமை_விரதம்:
கூலி உயர்ந்தாலும் அந்த 3.02 அப்படியே இருக்கும், 9.98 ஆகும். நுழைவுச்சீட்டுக்கும் ரோப் கார் தெரியும் அறைக்கும் பேரம் பேசாமல் கட்டுகிறோம். கடைசியில் தட்டு எடுக்கும் பெண்ணிடம்தான் நம் கணக்கு வழக்கெல்லாம்.

டாலர்_தாத்தா:
நான் யாரையும் வயிற்றில் அடிக்கவில்லை. விலையில் சேர்த்துச் சொல், கொடுக்கிறேன் என்கிறேன். மெனுவில் ஒரு விலை, வரி தனி, டிப்ஸ் தனி, இதற்குள் மனிதன் பட்ஜெட் போடுவது எப்படி?

பழைய_பயணி:
டிப்ஸ் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை அது இன்னும் முடியவில்லை. அங்கே போங்கள்.

கேட்டவருக்கு: நீங்கள் போவது தேங்க்ஸ்கிவிங் வாரம், 28ஆம் தேதி விடுமுறை, கூட்டம் நெரியும். டேபிள் சர்வீஸ் எடுத்துவிட்டு மேசை கிடைக்காவிட்டால் அந்தக் கிரெடிட்டை என்ன செய்வீர்கள்? 60 நாளுக்கு முன்பு மேசைப் பதிவு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குவதால், நீங்கள் வந்து சேரும் தேதியிலிருந்து எண்ணி, உங்கள் எல்லா நாளுக்கும் ஒரே சமயத்தில் பிடிக்கலாம். அதாவது செப்டம்பர் 25, காலை 6, கிழக்கு நேரம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகம் ஒரு வேளைக்கு ஆளுக்கு இரண்டு கிரெடிட் தின்னும், அந்தப் பக்கம் போகாதீர்கள். பிடித்துவிட்டுப் போகாமல் விட்டால் ஆளுக்கு 10 டாலர் அபராதம்.

கணக்குப்பிள்ளை:
ஒரு மேசை, ஒரே ஒரு இரவு மிக்கியோடு, கையிலிருந்து கொடுத்து. மற்றபடி கவுன்டர். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகவும் டிஸ்னி விடுகிறது. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, ஐஸைத் தளர்வாகப் போட்டு எடுத்துப் போகவும் கூடாது, அவ்வளவுதான். புளியோதரைப் பொட்டலத்தை யாரும் பிடுங்கமாட்டார்கள். திட்டமே வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் கட்சி.

நெய்_ரோஸ்ட்:
மிக்கியைப் பார்க்கப் போய்ப் புளியோதரையா! மாமியாருக்குச் சரி. மகனுக்கு?

ராத்திரி_ஷிப்ட்:
@அவசரக்குடுக்கை ஏஜென்ட் என்ன சொன்னார்? இரண்டு அறையும் ஒரே பேக்கேஜா?

மக்_மன்னன்:
ஆள் போய்விட்டார்.

அவசரக்குடுக்கை:
இருக்கிறேன். ஒரே பேக்கேஜாகத்தான் இருந்தது, பிரித்துவிட்டார். எங்கள் அறைக்கு மட்டும் குவிக் சர்வீஸ். பெரிய திட்டம் வேண்டாம் என்று கணவரும் சொல்லிவிட்டார். மிக்கி சாப்பாடு ஒன்றுக்கு மேசையை செப்டம்பர் 25ஆம் தேதி பிடிக்கப் பார்க்கிறோம். டிப்ஸ் கொடுப்போம், சண்டை வேண்டாம். எல்லாருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை:
நால்வருக்கும் 974.30. ரசீதெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வந்து சொல்லுங்கள், எவ்வளவுக்குச் சாப்பிட்டீர்கள் என்று பார்க்கலாம்.

புதுவரவு_கோவை:
இதே இழையில் கேட்கலாமா? நாங்கள் டிசம்பரில் போகிறோம். பையனுக்கு அப்போது 2 வயது 11 மாதம் ஆகும். அவனுக்கும் திட்டம் எடுக்க வேண்டுமா?

ராத்திரி_ஷிப்ட்:
வேண்டாம். 3 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, உங்கள் தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ளலாம். பஃபேயிலும் அவனுக்குக் காசு இல்லை. எத்தனை இரவு, எந்த ஹோட்டல் என்று சொல்லுங்கள்.