படுக்கையறை ஜன்னலை விடாமல் கொத்தும் பறவை: என்ன செய்வது?

தூக்கம்கெட்டவள்:

இரவுப் பணி முடிந்து விடியும் நேரத்தில்தான் படுப்பேன். கண் அசரும் நேரம் பார்த்து ஜன்னலில் 'டக், டக், டக்' என்று ஆரம்பித்துவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதை. முதல் நாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்த் திறந்தேன். வாசலில் ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பில் ஒரு பறவை!

மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தலையும் மார்பும் முதுகும் கருகருவென்று மின்னுகின்றன, வயிறு வெள்ளை, சிறகில் ஒரு வெள்ளைப் பட்டை, வால் எந்நேரமும் விறைத்து மேலே நிற்கிறது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியை நாலைந்து முறை கொத்தும். பிறகு எழும்பி இரண்டு கால்களாலும் உதைக்கும். சறுக்கி விழுந்து, இறகைச் சிலுப்பிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து.

பசியோ என்று தானியமும் தண்ணீரும் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது தெரிவதால்தான் வருகிறதோ என்று கெட்டியான கருநீலத் திரை போட்டேன், முன்னைவிட மோசமாகிவிட்டது. உள்ளிருந்து தட்டினால் பறந்துபோய் இரண்டே நிமிடத்தில் திரும்பி வருகிறது. அதற்கு ஏதாவது நோயா? அலகு உடைந்துவிடாதா? அதை நோகடிக்காமல் நான் தூங்க வழி சொல்லுங்கள்.

வேலிப்பல்லி:

கண்ணாடியில் ஆந்தைப் படமோ பருந்துப் படமோ ஒன்றை ஒட்டிவிடுங்கள். பயந்து ஓடிவிடும்.

பறவைபார்ப்பவன்:

ஓடாது. அசையாத பருந்து பருந்தே இல்லை என்பது ஓரிரு நாளில் அதற்குப் புரிந்துவிடும். படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தும் பறவைகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஆண் குண்டுக்கரிச்சான். பெண்ணாக இருந்தால் கருப்புக்குப் பதில் சாம்பல் நிறம் இருக்கும். நோயெல்லாம் ஒன்றுமில்லை. நல்ல திடகாத்திரமான பறவை என்பதால்தான் இவ்வளவு சண்டை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எல்லைக்குள் புகுந்த இன்னொரு ஆண் என்று நினைத்துக்கொண்டு விரட்டுகிறது.

இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பறவை கூடு கட்டவும் குஞ்சுகளுக்கு இரை தேடவும் ஓர் இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும். அயல் ஆண் நுழைந்தால் முதலில் பாட்டு, பிறகு இறகை உப்பி அலகை உயர்த்தி மிரட்டல். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், வந்தவன் போய்விடுவான். உங்கள் ஜன்னலில் இருப்பவனோ போவதே இல்லை. இது மார்பை நிமிர்த்தினால் அவனும் நிமிர்த்துகிறான், இது கொத்தினால் அதே இடத்தில் அதே வேகத்தில் அவனும் கொத்துகிறான். இது களைத்துப் போய் விலகிப் பறந்தால் அவனும் பின்வாங்குகிறான். அதாவது பறவையின் கணக்கில் எதிரி ஓடிவிட்டான், வெற்றி! ஆனால் திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் அங்கேயே நிற்கிறான். முடிவே இல்லாத சண்டை இது.

அலகு உடைவது அரிது. ஆனால் இரை தேட வேண்டிய நேரமும் தெம்பும் வீணாகின்றன. கண்ணாடியில் ரத்தக்கறை தெரிந்தால் அன்றைக்கே தடுத்துவிடுங்கள்.

இரண்டு விவரம் வேண்டும். ஒரே ஜன்னலை மட்டும்தான் கொத்துகிறதா? மூன்று வாரத்துக்கு முன்பு அந்த ஜன்னலில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?

தூக்கம்கெட்டவள்:

ஒரே ஜன்னல்தான். வீட்டில் மற்ற ஜன்னல்கள் நான்கு இருக்கின்றன, எதையும் தொடுவதில்லை.

மாற்றமா? இப்போதுதான் உறைக்கிறது. பகலில் தூங்குவதற்காக வெயிலைத் தடுக்கும் பளபளப்பான ஃபிலிம் ஒட்டச் சொன்னேன். அந்த வாரம்தான் கொத்தலும் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இருக்கும் என்று ஒட்டியவர் பெருமையாகச் சொன்னார்!

சட்டமும்கண்ணாடியும்:

ஜன்னல் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வழக்கு இத்தோடு பாதி முடிந்துவிட்டது.

சாதாரணக் கண்ணாடியே தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். உள்ளிருந்து வெளிச்சம் வந்தால் அந்த 8 விழுக்காடு அதில் அமிழ்ந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருட்டு, வெளியே பகல் என்றால் அதுவே தெளிவான பிம்பம். இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றால் வெளியே இருப்பது தெரியாமல் நம் முகம் தெரிகிறதே, அதையே பகலில் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பறவை பார்ப்பது அதைத்தான்.

அந்தக் கருநீலத் திரையைப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் முழு இருட்டாக்கிவிட்டீர்கள். எதிரி இன்னும் பளிச்சென்று தெரிந்தான். போதாக்குறைக்கு ஃபிலிம் வேறு.

ஆகவே உள்பக்கம் நீங்கள் என்ன செய்தாலும் பெரிய பயன் இருக்காது. பிம்பம் வெளிப்பரப்பில் இருக்கிறது, வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும். ஃபிலிமை ஆத்திரத்தில் பிய்த்துவிடாதீர்கள், பசை அங்கங்கே ஒட்டிக்கொண்டு பெரிய தொல்லையாகும். இன்றைக்குத் தூங்க வேண்டுமானால், குளியல் சோப்பை லேசாக நனைத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் தேய்த்து அப்படியே காய விடுங்கள். பால் பூத்தாற்போல் மங்கிவிடும், பிம்பம் போய்விடும். மழை பெய்தால் கரைந்துவிடும், அதுதான் அதன் குறை. நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளிப்பக்கம் கொசுவலைச் சட்டம் போடுங்கள். வலை கண்ணாடியோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தொய்ந்தால் பறவையின் கால் மாட்டிக்கொள்ளும்.

தூக்கம்கெட்டவள்:

சோப்பு பூசிவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரம்வரை கண்ணாடி முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கறை, நடுவில் நகம் இழுத்த மெல்லிய கோடுகள், மூலையில் ஒட்டிக்கொண்டு ஒரு பொடி இறகு. மூன்று வாரம் எவ்வளவு உழைத்திருக்கிறது! கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது.

பகல்நேரக்காகம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் சமையலறை ஜன்னலையும் காகம் ஒன்று தட்டுகிறது. இதுவும் பிம்பம்தானா?

பறவைபார்ப்பவன்:

காலையில் மட்டும் தட்டுகிறதா? நீங்கள் உள்ளே நிற்கும்போது மட்டும் தட்டுகிறதா? தட்டியதும் ஏதாவது போடுகிறீர்களா?

பகல்நேரக்காகம்:

மூன்றுக்கும் ஆம்.

பறவைபார்ப்பவன்:

அப்படியானால் அது உங்களைப் பழக்கி வைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. நிறுத்த வேண்டுமானால் தட்டும்போது எதையும் போடாதீர்கள். சில நாள் இன்னும் பலமாகத் தட்டும், அப்போது மனமிரங்கிவிட்டால் எல்லாம் வீண்.

கொத்துகிற பறவையெல்லாம் சண்டைக்குத்தான் வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். மேல் மூலையிலும் சட்டத்தின் இடுக்கிலும் மட்டும் கொத்தினால் சிலந்தியோ பூச்சியோ தேடுகிறது. ஒட்டடை அடித்தால் போதும். பழைய ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்குப் பூச்சைச் சில சிறு பறவைகள் பெயர்த்துத் தின்னும், அதில் ஆளிவிதை எண்ணெய் கலந்திருக்கும். கண்ணாடிப் பரப்பிலேயே, பறவையின் முகம் தெரியும் உயரத்தில், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கொத்தினால்தான் அது பிம்பச் சண்டை.

வேலிப்பல்லி:

ஆந்தை யோசனை தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று வாரம் அடித்தும் அது தான்தான் என்று தெரியாத பறவையை முட்டாள் என்று சொல்லக்கூடாதா?

பறவைபார்ப்பவன்:

கூடாது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிவது உயிரினங்களில் மிக அபூர்வம். 1970இல் கோர்டன் கேலப் என்பவர் சிம்பன்சிகளுக்கு அது முடியும் என்று காட்டினார். பறவைகளில் 2008இல் ஜெர்மனியில் மேக்பை என்னும் காக்கை இனப் பறவைகளைச் சோதித்தார்கள். கண்ணாடியில் மட்டுமே தெரியும்படி தொண்டைக்குக் கீழே நிறப் புள்ளி ஒட்டினார்கள். சில பறவைகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தம் உடம்பிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தன. மற்றப் பெரும்பாலான பறவைகளுக்குக் கண்ணாடிக்குள் இருப்பது இன்னொரு பறவைதான்.

சண்டையைத் தூண்ட முழு உருவம்கூடத் தேவையில்லை. இங்கிலாந்தில் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் ராபின் பறவைகளைச் சோதித்தபோது, வெறும் சிவப்பு மார்பிறகுக் கொத்து ஒன்றை வைத்தாலே சில பறவைகள் அதை மிரட்டின. எல்லையைக் காக்கும் நேரத்தில் உற்றுப் பார்த்து யோசிப்பதைவிட உடனே பாய்வதே லாபம். கண்ணாடி என்ற பொருள் அதன் உலகத்துக்கு நேற்று வந்தது, அதற்கு அது என்ன செய்யும்?

மொட்டைமாடி:

எங்கள் வீட்டில் கொத்துவதில்லை, நேராக வந்து மோதி விழுகின்றன. போன மாதம் ஒரு புறா செத்தே போனது. இதற்கும் சோப்புதானா?

பறவைபார்ப்பவன்:

இது வேறு, கொத்துவதைவிடப் பெரிய ஆபத்து. கொத்தும் பறவைக்கு அங்கே ஓர் எதிரி தெரிகிறான். மோதும் பறவைக்குக் கண்ணாடியே தெரிவதில்லை, அதில் பிரதிபலிக்கும் வானமும் மரமும்தான் தெரிகின்றன. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இப்படிச் சாகின்றன என்று 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஒற்றை ஸ்டிக்கர் போதாது. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வெளிப்பக்கம் முழுவதும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும். மோதிய பறவை உயிரோடு மயங்கிக் கிடந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வெளியில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். பறக்கவில்லையென்றால் காட்டுயிர் மருத்துவம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தூக்கம்கெட்டவள்:

பத்து நாள் கழித்து வருகிறேன். சோப்பு பூசிய அன்றே படுக்கையறை ஜன்னலை விட்டுவிட்டது. நிம்மதியாகத் தூங்கி எழுந்து வெளியே வந்து பார்த்தால், கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் வலப்பக்கக் கண்ணாடியில் அதே சண்டை! கைப்பிடியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்துகிறது, பிறகு பறந்து அதன் பின்பக்கம் போய் எதிரியைத் தேடுகிறது. ஆளைக் காணாமல் அது விழித்த விழியை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிகளுக்கும் பழைய காலுறையை மாட்டிவிடுகிறேன். அதற்குப் பிறகு அங்கேயும் வருவதில்லை.

நேற்று ஜன்னலுக்கு வலைச் சட்டமும் போட்டாயிற்று. இன்று விடியும்போது அந்தச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்து நெடுநேரம் பாடியது. சாம்பல் நிறப் பறவை ஒன்று சுற்றுச்சுவரில் இருந்தது, பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிடலாமா?

பறவைபார்ப்பவன்:

கழற்ற வேண்டாம் அம்மா. இடம் பிடித்துப்போனால் அடுத்த பருவத்திலும் அங்கேயே தங்கும், ஃபிலிமும் அங்கேயேதான் இருக்கப்போகிறது. அப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சட்டமும்கண்ணாடியும்:

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலையை இழுத்துப் பாருங்கள். தொய்ந்திருந்தால் ஓர ரப்பரைப் பிதுக்கி எடுத்துத் திரும்ப இழுத்துக் கட்டினால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.