வார்டு சிஸ்டர் என்னை ‘மிக்கி’னு எழுதிட்டாங்க. கிண்டலா, எச்சரிக்கையா? அவசரம்

புதுநர்ஸ்_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து வந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், ஸ்பான்சர் விசா. நேத்து ராத்திரி வார்டு சிஸ்டர் (வார்டுக்குப் பொறுப்பான சீனியர் நர்ஸ்) வாட்ஸ்அப்ல ‘டேக்கிங் த மிக்கி’னு அனுப்பியிருக்காங்க. கூகுள்ல பார்த்தா ‘கேலி செய்தல்’னு வருது. மிக்கி மவுஸ்னு என்னைச் சொல்றாங்களா? வார்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் நான் பேசுறதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. விசாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. ராத்திரி பூரா தூங்கலை. யாராவது உடனே சொல்லுங்க.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
தம்பி, விசாவை நினைச்சு இப்பவே பயப்படாதீங்க. வேலை போறது மாதிரி பெரிய விஷயம்னாத்தான் ஸ்பான்சர் (வேலை கொடுத்தவங்க) ஹோம் ஆபீஸுக்கு, அதான் விசா பார்க்குற அரசுத் துறைக்கு, சொல்லுவாங்க. வேலையே போனாலும் வேற ஸ்பான்சர் தேட வழக்கமா 60 நாள் கிடைக்கும். நான் 2007ல வந்தப்ப ஒரு கிடங்குல ராத்திரி வேலை. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, ‘மேட்’டுதான். ஒரு ஜாக்கெட் வாங்க மூணு வாரச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சேன். ஒரே ரூம்ல அஞ்சு பேர், ஹீட்டருக்கு காசு போட்டாத்தான் எரியும். அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம். நீங்களும் வந்துடுவீங்க.

மெல்போர்ன்_தமிழன்:
இங்க ஆஸ்திரேலியாவிலும் தினமும் கேக்குற வார்த்தைதான். பிடிச்ச ஆளைத்தான் இப்படிக் கலாய்ப்பாங்க. உங்களைத் தங்கள்ல ஒருத்தரா சேர்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நீங்களும் சிரிச்சுட்டு பதிலுக்கு ஒண்ணு விடுங்க.

ஹாரோ_அக்கா:
அப்பிடிச் சொல்லாதேங்கோ. நான் 1999இல வந்தனான். எனக்கும் எல்லாரும் ‘சிரிச்சுவிடு’ எண்டுதான் சொன்னவை. சிரிச்சுச் சிரிச்சு நாலு வருசம் போச்சுது. நான் ‘வெஸ்ட்’ எண்டு சொன்னா உடுப்போ, திசையோ எண்டு கேட்டு மேசையில தட்டிச் சிரிப்பினம். வீட்டை வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு பல்லை உதட்டில வைச்சுப் பழகினன். அதில அன்பு ஒண்டும் இருக்கேல்ல. தம்பி, உடன மனிதவளப் பிரிவுக்கு எழுதிப் போடுங்கோ.

மெல்போர்ன்_தமிழன்:
அக்கா, வந்த அஞ்சாம் மாசமே புகார் போட்டா அவர் அங்க எப்படி வேலை பார்ப்பார்?

கிராய்டன்_அப்பா:
மிக்கி மவுஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கிழக்கு லண்டன்காரங்க ஒரு சொல்லை மறைக்க அதோட எதுகைச் சொல்லைப் போட்டுப் பேசுவாங்க. ‘மிக்கி பிளிஸ்’னு ஒரு பேர், ‘பிளிஸ்’ஸுக்கு எதுகை சிறுநீருக்கான கொச்சைச் சொல். அதை மறைக்கத்தான் மிக்கின்னு வந்துச்சுன்னு பெரும்பாலும் சொல்றாங்க. அந்தக் கொச்சை வடிவத்தையும் நிறையப் பேர் பேசுவாங்க. நீங்க வார்டுல அதை வாயில எடுத்துடாதீங்க. ‘மிக்கி மவுஸ்’னு தனியா சொன்னா உருப்படாத, தரமில்லாத விஷயம்னு அர்த்தம். அது வேற.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
இந்த ஊர்ல எதைத்தான் நேராச் சொல்றாங்க? ‘நாட் பேட்’னா பாராட்டு. ‘வித் ரெஸ்பெக்ட்’னா மரியாதை இல்லை. வாடகையை ஏத்துறதை மட்டும் தெளிவா எழுதி அனுப்புறாங்க. கவுன்சில் டாக்ஸும் (உள்ளாட்சி வீட்டு வரி) அப்படித்தான்.

ஹாரோ_அக்கா:
வாடகையைப் பற்றிக் கதைச்சா விடிஞ்சிடும். எங்கட வீட்டுக்காரன் பூஞ்சணம் பிடிச்ச சுவருக்கு ‘யன்னலைத் திறந்து வையுங்கோ’ எண்டு சனவரியில சொன்னவன்.

லெஸ்டர்_நர்ஸ்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. பாவம், அவர் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. தம்பி, நானும் வார்டுலதான் இருக்கேன். அந்த மெசேஜ் முழுசா என்ன? அதுக்கு முன்னாடி நீங்க என்ன அனுப்பினீங்க? இது தெரியாம அர்த்தம் சொல்ல முடியாது. ‘டேக்கிங் த மிக்கி அவுட் ஆஃப் யூ’ன்னா உங்களைக் கேலி பண்றாங்க. ‘யூ ஆர் டேக்கிங் த மிக்கி’ன்னு உங்களைப் பார்த்துச் சொன்னா, பெரும்பாலும் ‘இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குறே’ன்னு அர்த்தம். ஒரு சாண்ட்விச்சுக்கு 9 பவுண்டு கேட்டா கடைக்காரனையும் அப்படித்தான் சொல்லுவாங்க. அங்க கேலியே கிடையாது.

புதுநர்ஸ்_மதுரை:
அப்படியே எழுதுறேன் அக்கா. ஞாயிறு காலை ஷிஃப்டை மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன். அவங்க பதில்: ‘தர்ட் ஸ்வாப் திஸ் மந்த். டேக்கிங் த மிக்கி எ பிட் நவ்.’ நான் ஏதோ ஜோக்குன்னு நினைச்சு சிரிக்கிற பொம்மை மூணு போட்டுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நீல டிக், பதில் இல்லை.

லெஸ்டர்_நர்ஸ்:
இப்ப புரியுது. உங்களைக் கேலி பண்ணலை தம்பி. ‘இது மூணாவது தடவை, கொஞ்சம் ஓவராப் போகுது’ன்னு கண்டிச்சிருக்காங்க. நீங்க சிரிச்சதும், இவர் கண்டுக்கவே இல்லைன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. மூணு தடவையும் ஞாயிறுதானா? ஏன்?

புதுநர்ஸ்_மதுரை:
ஆமா, மூணும் ஞாயிறு காலை. ஷிஃப்ட் ஏழரைக்கு. எங்க ஏரியாவுல ஞாயிறு முதல் பஸ் வந்து சேரவே எட்டே முக்கால் ஆயிடும். டாக்ஸிக்கு 18 பவுண்டு. மாத்திக் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிறு நடந்தே போனேன், ஒண்ணே முக்கால் மணி நேரம், மழை. இதையெல்லாம் சொன்னா சாக்குன்னு நினைப்பாங்கன்னு சொல்லலை.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
அடடா. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி.

லெஸ்டர்_நர்ஸ்:
இங்க காரணம் சொல்றது சாக்கு இல்லை. சொல்லாம இருந்தாத்தான் தப்பா எடுத்துப்பாங்க. இன்னைக்கே அனுப்புங்க: ‘சாரி, ஐ மிஸ்அண்டர்ஸ்டுட் யுவர் மெசேஜ். ஆன் சண்டேஸ் த ஃபர்ஸ்ட் பஸ் கெட்ஸ் மீ இன் அட் எய்ட் ஃபார்ட்டி ஃபைவ். குட் ஐ டூ சாட்டர்டேஸ் ஆர் நைட்ஸ் இன்ஸ்டெட்?’ அதாவது, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், ஞாயிறு முதல் பஸ்ல வந்தா எட்டே முக்கால் ஆயிடுது, பதிலா சனிக்கிழமையோ ராத்திரியோ பார்க்கலாமான்னு. அவ்வளவு போதும். விசா பயம், வீட்டு விஷயம் எதையும் இதுல கலக்காதீங்க. ஒரே பக்கம் வர்ற ஆள் யாராவது இருந்தா கார்ல சேர்ந்து வரலாமான்னும் கேளுங்க. எங்க வார்டுல பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க.

அடுத்து, அந்த ரெண்டு பேர் சிரிக்கிறது. அது இதோட சேராது, ஆனா அதை விட்டுடவும் கூடாது. என்ன பண்றாங்க?

புதுநர்ஸ்_மதுரை:
நான் பேஷண்ட் விவரம் சொல்லி முடிச்சதும் அதே மாதிரி இழுத்துப் பேசித் தலையை ஆட்டுவாங்க. கேட்டா ‘ஜஸ்ட் பேண்டர்’, சும்மா விளையாட்டுக்குனு சொல்றாங்க.

லெஸ்டர்_நர்ஸ்:
இதுதான் உண்மையான ‘டேக்கிங் த மிக்கி’. மெல்போர்ன் அண்ணா சொன்ன மாதிரி நட்பாவும் இருக்கலாம், ஹாரோ அக்கா சொன்ன மாதிரி இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் ஒண்ணுதான்: அவங்க ஒருத்தரை ஒருத்தர் இதே மாதிரி பண்ணிக்கிறாங்களா, நிறுத்துங்கன்னா நிறுத்துறாங்களா? முதல்ல நேரா சொல்லுங்க: ‘ப்ளீஸ் டோண்ட் காப்பி மை ஆக்சென்ட்.’ சிரிக்காம சொல்லணும். நிறுத்தலைன்னா, 2010ஆம் வருஷச் சமத்துவச் சட்டம் இருக்கு. இனம், பிறந்த நாடு சம்பந்தமா கண்ணியத்தைக் கெடுத்தா அது துன்புறுத்தல். ‘விளையாட்டுக்குத்தான்’னு சொல்றது தானாத் தப்பிக்க விடாது, விளைவையும் பார்ப்பாங்க. வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ் (Acas) அமைப்போட உதவி எண் 0300 123 1100, இலவச ஆலோசனை. ஆர்.சி.என். அல்லது யூனிசன் தொழிற்சங்கத்துல இன்னும் சேரலைன்னா இந்த வாரமே சேருங்க. என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரின்னா ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப்’ கார்டியன்னு, ஊழியர்கள் பயமில்லாம குறை சொல்ல உதவுறவர் ஒருத்தர் இருப்பாங்க. அவங்ககிட்டயும் பேசலாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு நோட்டு வாங்கி தேதி, நேரம், யார், என்ன வார்த்தை, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எழுதுங்க. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல வேண்டாம்.

ஹாரோ_அக்கா:
நான் அந்தக் காலத்தில எழுதி வைக்கேல்ல. தம்பி, நீங்கள் எழுதுங்கோ.

புதுநர்ஸ்_மதுரை:
சிஸ்டருக்கு அனுப்பிட்டேன். பதில் வந்துடுச்சு: ‘வை டிடின்ட் யூ சே! லீவ் இட் வித் மீ.’ அப்படின்னா ‘நான் பார்த்துக்கறேன்’தானே அக்கா?

லெஸ்டர்_நர்ஸ்:
அதேதான். நல்ல பதில்.

புதுநர்ஸ்_மதுரை:
நோட்டும் ஆரம்பிச்சுட்டேன். மூணு தேதி நினைவு இருக்கு. நாலாவது எந்த நாள்னு ரோட்டாவை (டூட்டி அட்டவணை) பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். நாளைக்கு டூட்டிக்குப் போனதும் பார்க்குறேன்.