டூம் வழிவந்த எஞ்சின்: ரெண்டரர், மிடி இசை இரண்டையும் எப்படிப் புதுப்பிப்பது?

பழங்கிளை எழுதியது:

வணக்கம். 1997 டிசம்பரில் வெளியிடப்பட்ட, டூம் என்ற சுடும் விளையாட்டின் மூலநிரலிலிருந்து கிளைத்து, பூம் என்ற முந்தைய கிளையின் வழியாக வந்த ஓர் எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை) நானும் சில நண்பர்களும் கையில் எடுத்திருக்கிறோம். பல ஆண்டுகளாக எவரும் தொடாமல் கிடந்த நிரல் அது. படம் இன்னும் எஸ்டிஎல் 1.2 என்ற திரை, ஒலி நூலகத்தின் வழியாக 320×200 அளவில், 256 வண்ணங்கள் கொண்ட 8-பிட் பரப்பாகவே வரையப்படுகிறது. இசை எஸ்டிஎல் மிக்சரிடம் ஒப்படைக்கப்படுவதால், விண்டோசில் இயங்குதளத்தின் மிடி (இசையைச் சுரக் கட்டளைகளாகச் சேமிக்கும் வடிவம்) ஒலியும், லினக்சில் டிமிடிட்டி என்ற மிடி இசைப்பான் நிறுவப்பட்டிருந்தால் அதன் ஒலியும் கேட்கின்றன. நிறுவப்படாவிட்டால் ஒன்றும் கேட்பதில்லை.

படத்தைப் பொறுத்தவரை, இருக்கும் மென்பொருள் ரெண்டரரையே (படத்தை மையச் செயலியால் வரையும் பகுதியையே) உயர் தெளிவுத்திறனுக்குக் கொண்டுபோவதா, வரைகலை அட்டையால் வரையும் ஓபன்ஜிஎல்லுக்கு மாறுவதா என்று முடிவு செய்ய இயலவில்லை. இசையில், பழைய ஒலி அட்டைகளில் இருந்த ஓபிஎல் சில்லின் எமுலேஷனை (அதை மென்பொருளால் போலச்செய்வதை) சேர்ப்பதா, பதிந்த கருவி ஒலிகளால் மிடியை இசைக்கும் ஃப்ளூயிட்சிந்த்தைச் சேர்ப்பதா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் எல்லோரும் ஏற்றிருக்கிறோம்: பழைய டெமோ பதிவுகள் (ஒருவர் ஆடிய ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டும் கோப்புகள்) இப்போது ஓடுவது போலவே பிறகும் ஓட வேண்டும். எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நெடுக்குவரி எழுதியது:

இரண்டுக்கும் முன்னால் எஸ்டிஎல் 2-க்கு மாறிவிடுங்கள். 8-பிட் திரை முறையை நேரடியாகக் கேட்டுப் பெறும் வழி அதில் இல்லை. ஆகவே 8-பிட் பஃபரில் வரைந்து, ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் அதை 32-பிட்டாக மாற்றி, டெக்ஸ்சராக (வரைகலை அட்டை கையாளும் படமாக) அனுப்பும்படி நிரலைத் திருத்தியே ஆக வேண்டியிருக்கும். அதைச் செய்து முடித்தால், வரையும் பகுதியும் திரையில் காட்டும் பகுதியும் தாமாகவே பிரிந்துவிடும். உருவ விகிதத்தையும் அந்தக் கட்டத்திலேயே சரிசெய்யுங்கள். மூல விளையாட்டின் 320×200 படம் 4:3 திரை முழுவதையும் நிரப்பியதால் அதன் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. அகலத்தைப் போல 1.2 மடங்கு உயரம் உடையவை. மூல விளையாட்டை அப்படியே போலச்செய்யும் எஞ்சினான சாக்லேட் டூம் இதற்கு ஒரு நல்ல வழியைக் கையாள்கிறது: படத்தை முழு எண் மடங்கில் நியரஸ்ட் முறையில் (வண்ணங்களைக் கலக்காமல்) பெரிதாக்கி ஓர் இடைநிலை டெக்ஸ்சரில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து லீனியர் முறையில் (அருகருகே உள்ள வண்ணங்களைக் கலந்து) சாளர அளவுக்குக் கொண்டுவருகிறது. படம் மங்குவதும் இல்லை, பிக்சல்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரிவதும் இல்லை.

அடுத்து, ஓபன்ஜிஎல்லா மென்பொருளா என்ற கேள்வி. உயர் தெளிவுத்திறன் மட்டுமே நோக்கம் என்றால் மென்பொருள் ரெண்டரரே போதும். இன்றைய சாதாரண மடிக்கணினியின் ஒற்றை கோர்கூட அந்த வேலையைத் தாங்கும். ஆனால் அகல, உயர மாறிலிகளை மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தரையையும் கூரையையும் வரையப் பயன்படும் விஸ்பிளேன் அமைப்பில், ஒவ்வொரு நெடுக்குவரியின் மேல், கீழ் எல்லைகளும் ஒரு பைட்டில் சேமிக்கப்படுகின்றன. 255 என்ற மதிப்பு ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதற்கான குறி. உயரம் 200 ஆக இருக்கும்வரை இது பொருந்தும். 400 ஆக்கியதும் எல்லைகளும் குறியும் மோதிக்கொண்டு, தரை கோடுகோடாகக் கிழியும். அந்த வரிசைகளை அகலமான எண் வகைக்கு மாற்றுவதோடு, 128 விஸ்பிளேன் என்ற பழைய வரம்பு உங்கள் நிரலில் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கோண அட்டவணை. முழு வட்டம் 8192 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் 90 பாகைப் பார்வைக்குக் கிடைப்பவை 2048 மட்டுமே. 320 வரிகளுக்கு அது தாராளம். 1920 வரிகளில், திரையின் ஓரங்களில் அடுத்தடுத்த இரு வரிகளுக்கு ஒரே கோணம் கிடைத்து, சுவர் டெக்ஸ்சர்கள் படிக்கட்டு போலத் தெரியும். அட்டவணையை வரைவதற்கு மட்டும் துல்லியமான கணக்கால் மாற்றிக்கொள்ளுங்கள். விளையாட்டுத் தர்க்கம் பயன்படுத்தும் சைன் அட்டவணையைத் தொட்டால் டெமோக்கள் கெட்டுப்போகும்.

ஓபன்ஜிஎல் பக்கம் போவதென்றால் கலர்மேப் என்ற வண்ண அட்டவணையைக் கைவிடாதீர்கள் என்பதே என் வற்புறுத்தல். டூமின் வெளிச்சம் முழுவதும் அந்த 8704 பைட் அட்டவணைக்குள் இருக்கிறது: 256 வண்ணங்களுக்கு 34 வரிசைகள், அவற்றில் முதல் 32 ஒளிப்படிகள், அதற்கடுத்தது வெல்லமுடியா நிலையில் தோன்றும் சாம்பல் நிறக் காட்சி. பழைய ஓபன்ஜிஎல் ரெண்டரர்கள் பல இதை ஒதுக்கிவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே பின்னத்தால் பெருக்கின. தூரத்து இருட்டு வெறும் மங்கலாகி, பழுப்பு நிறங்கள் சேறாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். இப்போது ஷேடர்கள் (வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. டெக்ஸ்சரை வண்ணமாக அனுப்பாமல் வண்ண எண்ணாகவே அனுப்பி, கலர்மேப்பை ஒரு டெக்ஸ்சராகவும், பிளேபால் என்ற தரவுத் தொகுதியில் உள்ள 14 வண்ணத்தட்டுகளை இன்னொரு டெக்ஸ்சராகவும் ஏற்றிவைத்தால், பிக்சல் ஒன்றுக்கு இரண்டு தேடல்களில் மூல வண்ணம் அப்படியே கிடைக்கும். வண்ண எண்களை டெக்ஸ்சர் ஃபில்டரால் கலக்கக்கூடாது. 17-ஆம் வண்ணத்துக்கும் 200-ஆம் வண்ணத்துக்கும் நடுவில் உள்ள எண் இரண்டுக்கும் தொடர்பில்லாத வேறொரு வண்ணமாக இருக்கும்.

வடிவியல்தான் கடினம். மூல பிஎஸ்பி தரவில் (களத்தின் வரைபடத்தைத் துண்டுகளாகப் பிரித்துவைத்த தரவில்) துணைப்பிரிவுகள் மூடிய பலகோணங்களாக இருப்பதில்லை. நீங்களே வெட்டி உருவாக்க வேண்டும், அல்லது ஜிஎல் நோடுகளை (ஓபன்ஜிஎல்லுக்கு ஏற்ற பிரிவுத் தரவை) கட்டித் தரும் கருவியைச் சார்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல், மென்பொருள் ரெண்டரரின் குணத்தை நம்பி வரைபடக்காரர்கள் (விளையாட்டுக் களங்களை அமைப்பவர்கள்) செய்த தந்திரங்கள் இருக்கின்றன: டெக்ஸ்சர் இல்லாத சுவரில் தரை வழிந்து மூடுவது, தன்னையே சுட்டும் பிரிவுகளால் நீரின் ஆழத்தைக் காட்டுவது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனி விதிவிலக்கு எழுத வேண்டும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மென்பொருள் ரெண்டரரை முதலில் முடித்து, அதை ஓபன்ஜிஎல்லுக்கான ஒப்பீட்டு அளவுகோலாக வைத்துக்கொள்வேன்.

---

ஒன்பதுகுரல் எழுதியது:

இசையைப் பற்றிச் சொல்கிறேன். டாஸ் பதிப்பில் இருந்த டிஎம்எக்ஸ் என்ற ஒலி நூலகம் வெளியாரிடமிருந்து உரிமம் பெற்றது. அதைத் திறக்க முடியாததால்தான் லினக்ஸ் பதிப்பின் நிரல் வெளியிடப்பட்டது. ஆகவே நமக்கு வந்து சேர்ந்த மூலநிரலில், மூல இசை எப்படி ஒலித்தது என்பதற்கான விடை இல்லை. பிறகு வந்தவர்கள் கேட்டும் ஆராய்ந்தும் மீட்டெடுத்தவைதான் இன்று இருப்பவை.

ஓபிஎல்லா ஃப்ளூயிட்சிந்தா என்று சண்டையிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ளே போவது ஒரே நிகழ்வுகள், வெளியே வருவது ஒரே வகை ஒலி மாதிரிகள். எனவே டூமின் இசை இருக்கும் மஸ் வடிவக் கோப்பைப் படித்து நிகழ்வுகளாக்கும் பகுதியை ஒரே ஒருமுறை எழுதி, அதன் கீழே இரண்டு ஒலியாக்கிகளை மாற்றி மாற்றிப் பொருத்தும்படி செய்யுங்கள். மஸ் வடிவத்தில் தாள வாத்தியங்கள் 15-ஆம் சேனலில் இருக்கும், சேனல் எண்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால் மிடியில் அவை 9-இல் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நெடுக்குவரி கலர்மேப்பைப் பற்றிச் சொன்னது இசைக்கும் அப்படியே பொருந்தும். ஓபிஎல் ஒலியின் குணம் ஜென்மிடி என்ற தரவுத் தொகுதியில் இருக்கிறது. அதில் 128 இசைக்கருவிகளும் 47 தாள ஒலிகளும் உள்ளன. சில எஞ்சின்கள் சில்லை எமுலேட் செய்துவிட்டு, கருவிகளுக்கு வேறொரு பொதுவான வங்கியைப் பொருத்திவிடுகின்றன. சில்லு துல்லியமாக இருக்கும், பாட்டு வேறாக இருக்கும். விளையாட்டின் தரவு அடங்கிய வேட் கோப்பிலிருந்தே ஜென்மிடியைப் படியுங்கள். தமக்கென்று ஒரு ஜென்மிடி சேர்த்திருக்கும் வரைபடத் தொகுப்புகளும் அப்போதுதான் சரியாக ஒலிக்கும்.

சில்லுக்கு நியூக்டு ஓபிஎல்3 என்ற எமுலேட்டர் இருக்கிறது. ஓபிஎல்3 எனப்படும் ஒய்எம்எஃப்262 சில்லின் உட்புறப் படங்களை ஆராய்ந்து எழுதப்பட்டது. ஆனால் சில்லுக்கு மேலே இருக்கும் இயக்கியின் நடத்தைதான் பலருக்கும் தவறிப்போகிறது. ஓபிஎல்2-இல் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை 9 குரல்கள் மட்டுமே. ஜென்மிடியின் சில கருவிகள் ஒவ்வொன்றும் இரண்டு குரல்களை எடுத்துக்கொள்ளும். குரல்கள் தீர்ந்தால் எதைப் பறிப்பது? இரட்டைக் குரல் கருவியின் இரண்டாவது குரலை முதலில் பறிக்க வேண்டும். அடுத்து, பெரிய எண் கொண்ட சேனல்கள் சிறிய எண் கொண்டவற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டு முறை டூமின் 1.666 பதிப்புக்கும் 1.9-க்கும் இடையில்கூட வேறுபட்டது. சாக்லேட் டூமின் நிரலில் இவை அனைத்தும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன, படித்துப் பாருங்கள்.

ஃப்ளூயிட்சிந்த் வேறு வகை. அதன் தரம் நீங்கள் கொடுக்கும் சவுண்ட்ஃபான்ட்டை (கருவிகளின் ஒலி மாதிரிகள் அடங்கிய கோப்பை) பொறுத்தது. இயல்பான கெயின் (ஒலிப்பெருக்க அளவு) 0.2 என்பதால் இசை துப்பாக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போகும். அந்த அளவை அமைப்புத் திரையில் பயனரே மாற்றும்படி வையுங்கள். ரிவெர்ப், கோரஸ் என்ற ஒலி விளைவுகள் இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்சு தேவை. ரோலண்டு எஸ்சி-55 என்ற மிடி ஒலிப்பெட்டியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட மிடிகள் சில, இல்லாத வங்கியிலிருந்து கருவியைக் கேட்கும். அந்தப் பெட்டி அதே எண்ணுள்ள அடிப்படைக் கருவிக்குத் திரும்பிவிடும். அதே நடத்தையை நீங்களும் எழுதவில்லை என்றால் திடீரென்று ஒரு சேனல் ஊமையாகிவிடும்.

---

கட்டற்றவன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவற்றில் பெரும்பகுதியை வூஃப், டிஎஸ்டிஏ-டூம், ஜீசெட்டூம் ஆகிய டூம் எஞ்சின்கள் ஏற்கெனவே செய்துவிட்டன. இன்னொரு கிளை எதற்கு என்று கேட்கவில்லை. நிரலைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது உரிமத்தைப் பாருங்கள். டூம் மூலநிரல் 1999-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் மறுபடியும் வெளியிடப்பட்டது. உங்கள் கிளை ‘பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்றிருந்தால், ஜிபிஎல் 3-இன் கீழ் உள்ள ஜீசெட்டூம் நிரலைச் சேர்க்கலாம், ஆனால் முழு எஞ்சினையும் அதன் பிறகு 3-இன் கீழ்தான் வெளியிட முடியும். பிறகு பின்வாங்குவது கடினம். சவுண்ட்ஃபான்ட்டுகளில் இது இன்னும் சிக்கலானது. இணையத்தில் புழங்கும் பலவற்றுக்கு மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்பதே தெரியாது. ஃப்ளூயிட்ஆர்3 என்ற சவுண்ட்ஃபான்ட் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது, அளவுதான் மிகப் பெரியது. தொகுப்போடு தர வேண்டும் என்றால் உரிமம் தெளிவாக இருப்பதை மட்டும் தாருங்கள். சோதனைக்கான தரவுக்கு ஃப்ரீடூம் என்ற கட்டற்ற தொகுப்பு இருக்கிறது.

---

பழங்கிளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மென்பொருள் ரெண்டரரை முதலில் முடிப்பது, இரண்டு ஒலியாக்கிகளையும் ஒரே இடைமுகத்தின் கீழ் வைப்பது என்று எங்களுக்குள் ஒத்துக்கொண்டோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவது, இசை நிகழ்வுகளை விளையாட்டின் முதன்மைச் சுழற்சியிலிருந்து அனுப்பிப் பார்த்தபோது, பெரிய வரைபடம் ஏற்றப்படும் நேரத்தில் இசை திக்கியது. இரண்டாவது, நொடிக்கு 35 முறை மட்டுமே நகரும் விளையாட்டை 60 அல்லது 144 ஃபிரேமில் காட்டினால் டெமோக்களுக்கு ஆபத்து உண்டா?

---

ஒன்பதுகுரல் எழுதியது:

முதன்மைச் சுழற்சியிலிருந்து இசையை அனுப்பவே கூடாது. ஒலி அட்டை பஃபரைக் கேட்கும்போது அழைக்கப்படும் கால்பேக்குக்குள்ளேயே நிகழ்வுகளைப் படித்து, அங்கேயே ஒலியாக்கியையும் ஓட்டுங்கள். நேரத்தைக் கடிகாரத்தால் அளக்காமல், உருவாக்கிய மாதிரிகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டும். மஸ் இசை நொடிக்கு 140 துடிப்புகளில் ஓடுகிறது. 44,100 வீதத்தில் ஒரு துடிப்புக்குச் சரியாக 315 மாதிரிகள் வரும், ஆனால் 48,000-இல் 342.857 வரும். மீதமாகும் பின்னத்தை அடுத்த துடிப்புக்குக் கூட்டிக்கொண்டே போங்கள். வெட்டி எறிந்தால் பாட்டு மெல்ல மெல்ல வேகமாகிவிடும். சில்லின் சொந்த வீதம் 49,716 ஆகையால் எமுலேஷனின் வெளியீட்டை ஒலி அட்டையின் வீதத்துக்கு மாற்றியாக வேண்டும். நியூக்டுக்குள்ளேயே அதற்கான வசதி இருக்கிறது. கால்பேக்குக்குள் நினைவகம் ஒதுக்குவதையும் கோப்பு படிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். 1024 மாதிரிகள் கொண்ட பஃபருக்கு உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 23 மில்லிநொடி மட்டுமே.

இதில் ஓர் உபரி நன்மையும் உண்டு. விண்டோஸ் விஸ்டா முதல், மிடியின் ஒலியளவைக் குறைத்தால் நிரலின் மற்ற ஒலிகளும் சேர்ந்து குறையும் என்ற பழைய தொல்லைக்காக, சாக்லேட் டூம் இசையைத் தனிச் செயல்முறையில் ஓட்ட வேண்டியிருந்தது. ஒலியை நீங்களே உருவாக்கினால் அந்தத் தொல்லையே எழாது.

---

நெடுக்குவரி எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு: டெமோ கோப்பு படத்தைப் பதிவதில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் (நொடிக்கு 35 முறை வரும் விளையாட்டு நகர்வுக்கும்) ஆட்டக்காரரின் முன்நகர்வு, பக்கநகர்வு, திரும்பல், பொத்தான்கள் ஆகியவற்றை மட்டுமே பதிகிறது. மற்றவை எல்லாம் மறுபடியும் கணக்கிடப்படுகின்றன. எனவே 35 என்ற வேகத்தை மாற்றாமல், முந்தைய டிக்கின் நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் நடுவில் இடைக்கணிப்பு செய்து வரைந்தால் ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியவை சில உண்டு. நகரும் தரை, கூரைகளின் உயரத்தை வரைவதற்காகத் தற்காலிகமாக மாற்றினால், அடுத்த டிக் தொடங்குவதற்கு முன் மூல மதிப்பைத் திரும்ப வைத்துவிட வேண்டும். டெலிபோர்ட் ஆன உருவத்துக்கு அந்த டிக்கில் இடைக்கணிப்பு செய்யக்கூடாது, செய்தால் வரைபடத்தின் குறுக்கே பறந்து போகும். வரையும் நிரலில் எங்கேனும் தற்செயல் எண் தேவைப்பட்டால், விளையாட்டுத் தர்க்கம் பயன்படுத்தும் 256 எண் அட்டவணையின் சுட்டியை ஓர் இடம்கூட நகர்த்தாமல் வேறு மூலத்திலிருந்து எடுங்கள்.

இவை சரியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு டிக்கிலும் ஆட்டக்காரரின் இருப்பிடம், கோணம், தற்செயல் சுட்டி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதும் சோதனை முறையை எஸ்டிஎல் மாற்றத்துக்கு முன்பே பழைய நிரலில் சேர்த்து, விளையாட்டோடு வரும் டெமோக்களை ஓட்டிப் பதிவு எடுத்துவையுங்கள். பிறகு ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவாகும் நிரல் மாற்றத்துக்கும்) புதிய பதிவை அதோடு ஒப்பிட்டால், முதல் வேறுபாடு எந்த டிக்கில் தோன்றியது என்பது தெரிந்துவிடும்.