68 டார்ட் முன்பக்க சஸ்பென்ஷன்: விதிக்குள் நின்று எதை மாட்டலாம்?

டார்ட்_340 (மிச்சிகன்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1968 டாட்ஜ் டார்ட் இருக்கிறது. 340 எஞ்சின், நான்கு கியர் மேனுவல். பெரும்பாலும் மார்ட்டின் ஊரில் உள்ள யு.எஸ். 131 டிராக்கில் டிராக் ரேஸ் (கால் மைல் நேர் ஓட்டம்) ஓட்டுவேன். இந்த வருடம் பழைய கார்களுக்கென்று நடக்கும் ஒரு சின்னத் தொடரில் சேர்ந்தேன். அதன் விதித்தாளில் முன் சஸ்பென்ஷன் பற்றி இருப்பது மூன்றே வரி: அந்த வருடக் கார் வெளிவந்தபோது இருந்த அதே வகை, அதே இடத்தில் இருக்க வேண்டும், மாற்று உதிரிகள் அசலின் வடிவத்தில் இருக்க வேண்டும், காயில் ஓவர் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும் வகை) கூடாது.

போன மாதம் டியூப் வைத்த அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் (முன் சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் மேல் கை) ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். "போல்ட் போட்டு மாட்டுவதுதானே, எந்த விதியிலும் நிற்கும்" என்றார் விற்ற கடைக்காரர். டெக் இன்ஸ்பெக்ஷனில் (கார் விதிப்படி இருக்கிறதா என்ற சோதனையில்) அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் "இது அசலின் வடிவம் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஓட விட்டார்கள், ஆனால் புள்ளி கிடையாது. பழைய இரும்புத் தகட்டு ஆர்மைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இப்போது மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறேன். முதல் 60 அடிக்கு 1.78 வினாடி ஆகிறது, கால் மைல் 12.6. கிளட்சை விட்டதும் காரின் மூக்கு, அதாவது முன்பக்கம், கொஞ்சம்தான் எழுகிறது, பின் டயர் சுற்றிவிடுகிறது. முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை வெர்னியரில் அளந்தேன், 0.87 அங்குலம். ஷாக் சாதாரணக் கடை ஷாக். முன் பிரேக் டிரம், அதையும் 73-க்குப் பிறகு வந்த டிஸ்க்காக மாற்றலாம் என்று ஒரு நினைப்பு. எதை மாற்றினால் பலன் கிடைக்கும், எதைத் தொட்டால் மறுபடி டெக்கில் நிறுத்துவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய_மோப்பார் (ஓஹையோ)

தம்பி, அந்த மூன்று வரியை நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள். "அந்த வருடக் கார் வெளிவந்தபோது" என்றுதான் இருக்கிறது, "உங்கள் கார் வெளிவந்தபோது" என்று இல்லை. நீங்கள் தேடுவது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

68 டார்ட்டில் ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சினும் வந்தது. அதில் இருந்த டார்ஷன் பார் 0.83 அங்குலம். நீளம் உங்களுடையதேதான், அதே அறுகோண முனை, அப்படியே ஏறி உட்காரும். இன்ஸ்பெக்டர் படுத்துப் பார்த்தாலும் அது அசல் டார்ட் பார்தான். 0.04 அங்குலம் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். கணக்குப் போட்டால் மெல்லிய பார் ஏறக்குறைய 17 சதவீதம் இளக்கம்.

அதனால் என்ன நடக்கும்? காரின் எடை மாறவில்லை. இளகிய பார் அதே எடையைத் தாங்க அதிகமாக முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் பார் சக்கரத்தில் அங்குலத்துக்கு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு 3 அங்குலம் எழுந்தால் பார் தள்ளும் விசை 300 பவுண்டு குறைந்துவிடும். மெல்லிய பாரில் 249 தான் குறையும். அதாவது எழும்போதும் கீழிருந்து கை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பின்னால் போகும் எடையை ஸ்பிரிங் உண்டாக்குவதில்லை. காரின் எடை, வேகம் கூடும் விகிதம், ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ் இந்த நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. டார்ட்டின் வீல்பேஸ் 111 அங்குலம். 3,200 பவுண்டு கார், மையம் 20 அங்குல உயரம், ஒரு ஜி வேகமுடுக்கம் என்றால் சுமார் 577 பவுண்டு பின்னால் போகும். மையத்தை 2 அங்குலம் உயர்த்தினால் இன்னும் 58 பவுண்டு. கிரைஸ்லர் எஞ்சினியர்கள் சேர்ந்து நடத்திய ராம்சார்ஜர்ஸ் குழு 1949 பிளைமவுத் ஒன்றை மிக உயரமாகத் தூக்கி நிறுத்தி 1959-இல் டெட்ராய்ட் நேஷனல்ஸுக்குக் கொண்டுவந்ததும் இந்தக் கணக்கை நம்பித்தான். உங்கள் விதியில் அந்த உயரம் நடக்காது. உங்களால் மாற்ற முடிந்தது அந்த எடை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மென்மையாகப் பின் டயருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும்தான். பாரும் ஷாக்கும் அதற்குத்தான்.

ஷாக்குக்கு 90/10 வாங்குங்கள். நீளும்போது தடை சொற்பம், அமுங்கும்போது பெரும் தடை. மூக்கு சட்டென்று எழும், மெதுவாகத்தான் இறங்கும். வெளியே பார்த்தால் சாதாரண ஷாக். ஷாக்கையே கழற்றிவிட்டு ஓடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் உள்ள ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேலை செய்யும் ஒரு ஷாக் வேண்டும் என்பது அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் பொது விதி. எடை குறைக்க அசல் ஆர்மில் துளை போடுவதும் வேண்டாம். டெக் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆர்ம் முறிந்தால் காருக்குள் இருப்பது நீங்கள்.

ஸ்வே பார் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் கழற்றிப் பாருங்கள். அது இல்லாமலும் டார்ட் விற்றிருக்கிறார்கள்.

பார் மாற்றும்போது இரண்டு விஷயம். அட்ஜஸ்டர் போல்ட்டை முழுவதும் தளர்த்தாமல் கை வைக்காதீர்கள். பாரின் உடம்பில் பைப் ரெஞ்ச், வைஸ் எதுவும் படக்கூடாது. ஒரு கீறல் போதும், பிறகு அங்கேதான் ஒடியும். இடது வலது மாற்றி மாட்டவும் கூடாது, முனையில் குறி இருக்கும்.


டொலீடோ_கலா

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் மூக்கு எழும்பினால் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யாரும் கேட்கவில்லையே! நான் வீல் அலைன்மென்ட் வேலையில் இருக்கிறேன், எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பாரை மாற்றிய பிறகு காரை ஓட்டும் உயரத்தில் நிறுத்தி டோ அளவை (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதை) எடுங்கள். அப்புறம் ஜாக்கி வைத்து உடம்பை ஒவ்வொரு அங்குலமாகத் தூக்கி, ஒவ்வொரு தடவையும் டோவை எழுதிக்கொள்ளுங்கள். 3 அங்குலம் வரை செய்யுங்கள். நடுவில் எங்காவது எண் தாவினால், கார் இரண்டாவது கியரில் மூக்கை இறக்கும்போது ஸ்டியரிங் கையில் இழுக்கும். எத்தனையோ பேர் இதை டயர் மேல் பழி போட்டு, புது டயர் வாங்கிவிட்டு என்னிடம் வருவார்கள்.

காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) அதிகமாக வேண்டும் என்றுதானே டியூப் ஆர்ம் வாங்கினீர்கள்? அதற்கு மூக் கம்பெனியின் கே7103 ஆஃப்செட் புஷ் (ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள ரப்பர் உறை) போதும். அசல் தகட்டு ஆர்முக்குள்ளேயே போகும், துளை மையத்தில் இல்லாமல் ஒதுங்கி இருக்கும். முன் புஷ்ஷையும் பின் புஷ்ஷையும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து அழுத்தினால் ஆர்மின் வெளிமுனையில் உள்ள பந்து மூட்டான பால் ஜாயின்ட் பின்னால் நகரும், காஸ்டர் கூடும்.

ரப்பர் புஷ் போல்ட்களைக் கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் முழுசாக முறுக்க வேண்டும். ஜாக்கி மேல் தொங்கும்போது முறுக்கினால் ரப்பரே ஒரு ஸ்பிரிங் போல ஆர்மைக் கீழே பிடித்து இழுக்கும். பாதிப் பேர் "பார் சரியில்லை" என்று புலம்புவது இதனால்தான்.

மூக்கு எழ இடம் வேண்டும் என்று நிற்கும் உயரத்தை ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். முன்பக்கம் தரையிலிருந்து 3 அங்குலம் இடைவெளி வேண்டும்.


டிரம்_வேண்டாம்

நான் வேறு மாதிரி சொல்வேன். 12.6-இல் 108 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டி டிரம்மை நம்பி நிற்பவர், 60 அடி நேரத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். முதலில் பிரேக்கை மாற்றுங்கள்.

ஆனால் 73-க்குப் பிந்தைய டிஸ்க்கோடு வரும் ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சுத் துண்டு) உங்களுக்குச் சரிவராது. அதற்கு அப்பர் பால் ஜாயின்ட் பெரியது, ஆர்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். வீல் போல்ட் வட்டம் நாலரை அங்குலம், உங்கள் பின் ஆக்ஸிலில் நாலு. இரண்டு வகை வீல் சுமக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அது 68-இல் வந்த பொருளே இல்லை.

கெல்ஸி-ஹேய்ஸ் நான்கு பிஸ்டன் டிஸ்க் 65 முதல் 72 வரை டார்ட்டுக்கு ஆப்ஷனாகவே கிடைத்தது. சின்னப் பால் ஜாயின்ட், சின்ன போல்ட் வட்டம், உங்கள் ஆர்ம் அப்படியே இருக்கும். விலை கூடத்தான். காலிப்பரைப் பிரித்துத் துரு பார்த்துவிட்டு வாங்குங்கள். 14 அங்குல வீல் வேண்டும்.


டார்ட்_340 (மிச்சிகன்)

அண்ணா, அக்கா, நண்பரே, மூவருக்கும் நன்றி. "அந்த வருடக் கார்" என்ற சொல்லை நான் பத்துத் தடவை படித்தும் கவனிக்கவில்லை.

போன சனிக்கிழமை டார்ட்டின் உடன்பிறப்பான ஒரு பழைய பிளைமவுத் வேலியன்ட்டிலிருந்து 0.83 பார் ஜோடி கிடைத்தது. மேலே துருக்குழி இல்லை, நகத்தால் தடவிப் பார்த்தேன். 90/10 ஷாக்கும் புஷ்ஷும் வந்துவிட்டன. போல்ட் முறுக்குவது பற்றி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, என் பழைய ஆர்ம்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டையும் நான் ஜாக்கி மேல் வைத்துத்தான் முறுக்கியிருக்கிறேன். அதைத் தளர்த்தி, காரை இறக்கி, குலுக்கி மறுபடி முறுக்கியதிலேயே மூக்கு அரை அங்குலம் கீழே இறங்கியது. பார் இன்னும் மாற்றவே இல்லை!

டோ அளவு: நிற்கும்போது 1/16 அங்குலம் உள்ளே, 2 அங்குலம் தூக்கும் வரை பெரிதாக மாறவில்லை, மூன்றாவது அங்குலத்தில் 1/8 வெளியே தாவுகிறது. அக்கா, இதற்கு ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பார்ப்பதா, இல்லை அந்த இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் தேய்மானமா? ஐட்லரைக் கையால் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் அசைகிறது.

பார், ஷாக், புஷ், டிஸ்க் நான்கின் படத்தையும் எந்த வருடக் காரில் வந்தது என்ற குறிப்போடு டெக் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் மூன்றுக்கும் எழுத்திலேயே சரி சொல்லிவிட்டார். டிஸ்க்குக்கு ஆப்ஷன் பட்டியலின் பக்கம் கேட்டிருக்கிறார். யாரிடமாவது 68 டார்ட் விற்பனைக் கையேடு இருந்தால் பிரேக் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட முடியுமா?